சாட்சி மௌனம்

நெடுங்குளம் நீதிமன்ற வளாகத்தின் பின்பக்கம், பழைய சைக்கிள் ஸ்டாண்டைச் சுவர் வைத்து அடைத்து ஓர் அறையாக்கி, அதற்குப் ‘பதிவு மாற்று மையம்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். பதினோராயிரத்துச் சொச்சம் விசாரணைகள் அங்கே இரண்டு இரும்பு அலமாரிகளுக்குள் அடங்கிக் கிடந்தன. எல்லாம் கால் நூற்றாண்டுக்கு முன்பு வீடியோ வழியாக நடந்தவை. நீதிபதி ஓரிடம், வக்கீல் ஓரிடம், கைதி சிறைக்குள், சாட்சி எங்கோ ஒரு வீட்டில் கையில் போனோடு.

அவற்றைப் பதிவு செய்தது ‘சபாலிங்க்’ என்ற மென்பொருள். அதை விற்ற கம்பெனி படுத்துப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. தன் கோப்பை வேறு எவனும் திறந்துவிடக் கூடாது என்பதில் அந்தக் கம்பெனி ரொம்பக் கறாராக இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கோப்பு கம்பெனியின் சர்வரிடம் சாவி கேட்கும். சர்வர் போனதும் சாவி போயிற்று. இப்போது 2053-ல், அரசு அங்கீகரித்த ஒரு மாற்றி மென்பொருள் வந்திருக்கிறது. அது கோப்பின் மேல்தோலை மட்டும் உரித்து, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரே படமாக்கித் தரும். மாற்றும் வேலை முடிந்ததும் மூலக் கோப்புகளை அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அழித்தாயிற்று என்று கையெழுத்துப் போட வேண்டியவள் மையத்தின் கண்காணிப்பாளர் சுகிர்தா.

நாற்பத்தொன்பது வயது. கோர்ட்டைத் தவிர வேறு எங்கும் வேலை பார்த்ததில்லை. ஒப்பந்த ஊழியராக உள்ளே வந்து, படிப்படியாக ஏறி, இந்த நாற்காலிக்கு வந்திருந்தாள். ஒரு காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்திட்டதில்லை என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

மையத்துக்குப் பொறியாளராக வந்திருந்த மைதீன் பிச்சை, சின்ன வயதில் அந்தச் சபாலிங்க் கம்பெனியிலேயே சோதனைப் பிரிவில் இருந்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுகிர்தா கைப்பையை மேசையில் வைப்பதற்குள் கூப்பிட்டார்.

“மேடம், இங்கன கொஞ்சம் வாங்க. இந்த ஹெட்போனைப் போட்டுக்கிடுங்க.”

“என்ன சார், மறுபடியும் சத்தம் வரலியா?”

“சத்தம் வருது. வரக்கூடாத சத்தம்லா வருது.”

திரையில் 2027-ஆம் வருடத்துக் கொலை வழக்கு ஒன்று ஓடியது. குற்றவாளிக் கூண்டுக்குப் பதிலாக, சிறை அறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் பெயர் ஐகோர்ட்துரை. உப்பளத் தொழிலாளி. கடற்கரைப் பக்கத்துச் சாமி ஒன்றின் பெயரை அவனுக்கு வைத்திருந்தார்கள். உப்பளக் கங்காணி ஒருவரை, மத்தியானம் மூன்று மணிக்குக் குடோனில் வைத்து மண்வெட்டியால் அடித்துக் கொன்றதாக வழக்கு. அவன் தரப்பில் ஒரே ஒரு சாட்சி, அவன் மனைவி சந்தனமாரி. படம் ஓடினால் இணைப்பு அறுந்துவிடும் என்று அவளைப் படத்தை அணைத்து வைக்கச் சொல்லியிருந்ததால், அவள் இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரமும் பெயரும் மட்டும்தான். நீதிபதி மூன்று முறை அழைத்தார். “பேசுங்கம்மா... பேசுங்க... பேசுறதுன்னா இப்ப பேசணும்.” நாற்பது விநாடி சத்தமே இல்லை. பிறகு நீதிபதி சுருக்கெழுத்தாளரிடம் ஆங்கிலத்தில், சாட்சி இணைப்பில் இருந்தும் மௌனம் சாதித்தார் என்று எழுதச் சொன்னார்.

“இது அங்கீகரிச்ச மாற்றி குடுக்கிற படம்” என்றார் மைதீன். “நீங்க கையெழுத்துப் போட்டு ஆவணப் பெட்டகத்துக்குப் போகப் போறது. இப்ப மூலத்தைப் பாருங்க. ஒன்பது நாள் மல்லுக்கட்டி உடைச்சேன். சாவி இல்லாம ஒரு கோப்புக்கு ஒன்பது நாள்.”

“சரி. அதுல என்ன இருக்கு?”

“சபாலிங்க்ல ஒரு கூத்து உண்டு மேடம். நாம ஒருத்தரை மியூட் பண்ணா, அவங்க பேச்சு அங்கேயே நின்னுடும்னுதான் எல்லாரும் நெனச்சோம். ஆனா பேச்சு கம்பெனிக்கு வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. யார் எவ்வளவு பேசினா, எந்தக் குரல்ல பேசினான்னு கணக்கு எடுத்து வித்தாங்க. அதனால ஒவ்வொரு ஆளோட பேச்சும் தனித்தனித் தடமா கோப்புக்குள்ள கிடக்கு. மியூட்ங்கிறது பேசுறவன் வாயை அடைக்கிறது இல்ல. கேக்கிறவன் காதை அடைக்கிறது.”

அவர் கறுப்புச் சதுரத்தின் தடத்தை மட்டும் திறந்தார்.

“ஐயா, வணக்கம்யா. எம்பேரு சந்தனமாரி” என்றது ஓர் இளம் குரல். மூச்சு வாங்கியது. “பேசுதேன்யா, பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னைக்குக் காலைலயே எனக்கு வலி வந்துட்டுயா. ஏழு மாசம். எங்க வீட்டுக்காரவிய அளத்துல இருந்து வந்து என்னைய வண்டில வச்சு, ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிற ஜெசிந்தா டாக்டரம்மாகிட்ட கொண்டு போனாவ. பன்னெண்டரைக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அஞ்சு மணி வரைக்கும் அவிய அங்கனயேதான் இருந்தாவ. புள்ள தங்கலைய்யா. அவிய கையிலதான் குடுத்தாங்க. டாக்டரம்மாவைக் கேட்டுப் பாருங்கய்யா. ஐயா, கேக்குதாயா?”

நீதிபதி எழுந்து போய்விட்டார். வக்கீல்களும் போய்விட்டார்கள். வீடியோ கூட்டத்தை மூட யாருக்கும் தோன்றாததால் பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காலி நாற்காலிகளிடம் அந்தக் குரல் இன்னும் இருபத்து மூன்று நிமிடம் பேசிற்று. சொன்னதையே திரும்பச் சொன்னது. நடுவில் யாரிடமோ, “எழுதிக்கிட்டு இருக்காங்க போல” என்றது. பிறகு போனில் சார்ஜ் தீர்ந்து அறுந்தது.

சுகிர்தா ஹெட்போனைக் கழற்றவில்லை. “யாரு மியூட் பண்ணது?”

மைதீன் திரையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே கூட்டத்தின் குறிப்பேடு இருந்தது. பதினொன்று நாற்பத்திரண்டு. நீதிபதி தவிர அனைவரையும் மியூட் செய்க. தாங்களாக நீக்க அனுமதி இல்லை. இயக்கியவர்: ஒருங்கிணைப்பாளர் சுகிர்தா.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஒரே மேசையில் நான்கு திரைகளை வைத்துக்கொண்டு நான்கு கோர்ட்டுகளின் இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சிறையிலிருந்து வரும் இணைப்பில் எப்போதும் பாத்திரம் உருளும், நாய் குரைக்கும். நீதிபதி முகத்தைச் சுளித்தால் உடனே எல்லோரையும் அடக்கிவிட வேண்டும். ஒரு கோர்ட்டை அடக்கிவிட்டு அடுத்த கோர்ட்டில் உறைந்துபோன படத்தைச் சரிசெய்ய ஓடியிருப்பாள். திரும்பி வந்து விடுவிக்க மறந்திருப்பாள். எல்லாம் ‘இருப்பாள்’தான். அந்த நாள் அவளுக்கு நினைவிலேயே இல்லை. எவ்வளவோ துழாவிப் பார்த்தாள். அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தாள், மத்தியானம் என்ன சாப்பிட்டாள், மழையா வெயிலா, ஒன்றும் வரவில்லை. மற்ற நாட்களைப் போல அதுவும் ஒரு நாள்.

“மேடம்” என்றார் மைதீன், தாழ்ந்த குரலில். “நான் ஒருத்தன்தான் பாத்திருக்கேன். வேணாம்னா வேணாம். அங்கீகரிச்ச படம் இருக்கு, அது போதும்.”

சுகிர்தா வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். வேப்பமரத்தடியில் ஒரு வக்கீல் குமாஸ்தா அவளைப் பார்த்து வணக்கம் வைத்தான். பதிலுக்குக் கையை உயர்த்தினாள். உள்ளே திரும்பி வந்ததும் கேட்டாள்.

“எத்தனை கோப்புல இப்படி இருக்கும்?”

“எல்லாத்துலயும் மேடம்.”

*

பதிவாளர் வைகுண்டராமன் கெட்டவர் அல்ல. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். குரலையும் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பாவம்தான்” என்றார். “ஆனா சுகிர்தா, நீங்க சட்டப்படி யோசிங்க. கோர்ட் எதைக் கேட்டுச்சோ அதுதான் பதிவு. கோர்ட் காதுல விழாதது சொல்லப்படவே இல்லைன்னுதான் அர்த்தம்.”

“சார், அந்தம்மா சொல்லியிருக்காங்க.”

“யார்கிட்ட? சுவத்துக்கிட்ட சொன்னா அது சாட்சியமா?”

“சுவரை எழுப்பினது நம்மதானே சார். நான்தான்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இதைத் திறந்த மென்பொருள் மைதீன் வீட்டுல உக்காந்து எழுதினது. அது சரியாத் திறக்குதுன்னு சான்று குடுக்க வேண்டியது யாரு? கம்பெனி. கம்பெனி எங்க? நம்ம மாற்றிக்குச் சான்று இருக்கு. அது மௌனம்ங்குது. எந்த ஜட்ஜ்கிட்டப் போனாலும் சான்று உள்ள மௌனம்தான் நிக்கும், சான்று இல்லாத பேச்சு நிக்காது.”

“அப்ப மத்ததையும் திறந்து பாக்க வேண்டாமா? அழிக்கறதையாவது நிறுத்தி வைங்க சார்.”

“பதினோராயிரம். ஒண்ணுக்கு ஒன்பது நாள். கூட்டிப் பாத்தீங்களா?” அவர் குரல் இறங்கிற்று. “கூட்டிப் பாத்ததுக்கு அப்புறம் இன்னொண்ணையும் யோசிங்க. அத்தனை தீர்ப்பும் நாளைக்கு ஆடும். எத்தனை பேர் உள்ள செத்துப் போயிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அவங்க வீட்டுக்கெல்லாம் நாம என்னத்தைச் சொல்ல?”

அழிப்புச் சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சுகிர்தா எழுதிக் கொடுத்தாள். 2027-ல் மியூட் செய்தது தான்தான் என்பதையும் அதே கடிதத்தில் எழுதினாள். மூன்றாம் நாள் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. அடுத்த திங்கட்கிழமை வேறொருவர் கையெழுத்திட, இரண்டு அலமாரிகளும் காலியாயின. வேலை அரை நாளில் முடிந்ததாக மைதீன் போனில் சொன்னார். மிஞ்சியது அவர் திறந்து வைத்திருந்த அந்த ஒரே கோப்பின் நகல்தான். அதை அவள் போனுக்கு அனுப்பி வைத்தார்.

*

ஐகோர்ட்துரை இருபது வருடம் உள்ளே இருந்துவிட்டு, ஆறு வருடத்துக்கு முன்பு வெளியே வந்திருந்தார். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பேக்டரியில் வேலை. சுகிர்தா போனபோது சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்து அரவை இயந்திரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு ரொம்பவே தளர்ந்திருந்தார். கோர்ட்டிலிருந்து வருவதாகச் சொன்னதும், கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றார். ஜெயில் பழக்கம்.

“உக்காருங்கண்ணாச்சி” என்றாள் அவள்.

அவர் குரலைத்தான் முதலில் போட்டுக் காட்டினாள். அவரும் அன்று மியூட்டில் கத்தியிருந்தார். கொஞ்சம் கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“நான் சொன்னது எனக்குத் தெரியும்லா. இதை எதுக்கு எங்கிட்டப் போட்டுக் காட்டுதீய?”

“உங்க வீட்டம்மா பேசினதும் இருக்கு.”

“அவ பேசல.” சட்டென்று சொன்னார். “மேல்கோர்ட்டுல அதைத்தான வாசிச்சாவ. சாட்சி மௌனம்னு. நான் அன்னைக்கு அளத்துல இருந்து வர லேட்டாயிட்டு. லோடு ஏத்தாம விட மாட்டேன்னுட்டான் கங்காணி. நேரத்துக்கு வந்திருந்தா புள்ள பொழைச்சிருக்கும்னு அவளுக்கு ஒரு கோவம். அந்தக் கோவத்துல வாயை மூடிக்கிட்டான்னு நெனச்சேன். பதினோரு தடவை மனு போட்டு என்னையப் பாக்க வந்தா. ஒரு தடவை கூட நான் செல்லை விட்டு வெளிய வரல.”

சுகிர்தா தடத்தை ஓடவிட்டாள். அரவை இயந்திரம் இரைந்தது. அவர் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து, போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். இருபத்து மூன்று நிமிடமும் கேட்டார். பக்கத்தில் ஐஸ் பாளம் உருகி அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வந்து, “அண்ணாச்சி, போட் நிக்குது” என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

“யாரு அமத்துனது?” என்று கேட்டார் கடைசியில்.

“நான்தான்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப உங்களுக்கு என்ன வயசு?”

“இருபத்தி மூணு.”

“எனக்கு இருபத்தொம்பது” என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்து கொக்கியை எடுத்தார். அவள் படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “அவ குறும்பட்டியில அவ அண்ணன் வீட்டுப் பக்கம் இருக்கா. அவகிட்டயும் போட்டுக் காட்டுங்க. என்னைய வரச் சொல்லாதீய. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போக?”

*

சந்தனமாரி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்து, கையில் தூக்குவாளியோடு வந்தாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேசாத பொம்பளை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சுகிர்தாவை உள்ளே கூப்பிட்டு, பாயை உதறிப் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும், கோர்ட்டுக்குத் தன் சாட்சியம் போய்ச் சேரவே இல்லை என்பது அவளுக்குப் புரிய நேரமாயிற்று.

“போய்ச் சேரலைன்னா? நான் சொன்னேனே. ஜட்ஜய்யா கேட்டுட்டு இங்கிலீஷ்ல எழுதச் சொன்னாவளே.”

“நீங்க பேசலைன்னு எழுதச் சொன்னாரும்மா.”

சந்தனமாரி போனில் தன் குரலைக் கேட்டாள். முதலில் அந்தக் குரல் யாருடையதோ என்பதுபோல் கேட்டாள். பிறகு உதடு அசையத் தொடங்கியது. குரல் சொல்வதற்கு அரை வார்த்தை முன்னால் அவள் உதடு சொல்லிக்கொண்டு போயிற்று.

“சரியாத்தான சொல்லிருக்கேன்” என்றாள், முடிந்ததும். அவள் சுகிர்தாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். “நான் என்னத்தையோ மாத்திச் சொல்லித்தான் அவியளை உள்ள தள்ளிட்டேன்னு நெனச்சேன். நேரத்தைத் தப்பாச் சொன்னனோ, மரியாதை இல்லாமப் பேசினனோன்னு. அதனாலதான் அவிய என் மூஞ்சியில முழிக்கலைன்னு... சரியாத்தாம்மா சொல்லிருக்கேன்.”

தான்தான் மியூட் செய்தவள் என்று சுகிர்தா சொன்னாள். மன்னிப்புக் கேட்கவும் வாயெடுத்தாள். சந்தனமாரி தலையை அசைத்து அதை நிறுத்தினாள்.

“இந்தப் போனு செல்லாதா கோர்ட்டுல?”

“செல்லாதும்மா. சான்று குடுக்கக் கம்பெனி இல்ல.”

“நான் செல்லுவனா?”

சுகிர்தா நிமிர்ந்தாள்.

“இல்ல, போனுக்குத்தான் சான்று வேணும்னுதீய. நான் உசுரோடதான இருக்கேன். நேர்ல வந்து சொன்னா எடுத்துக்கிட மாட்டாவளா?”

மைதீனுக்கு ஒன்பது நாள். பதிவாளருக்கு அரை மணிநேரச் சட்டம். தனக்கு இத்தனை வாரத் தூக்கமில்லாமை. இத்தனைக்கும் நடுவில், அந்த மனுஷியிடமே மறுபடி சாட்சி கேட்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோப்பைத் திறப்பது எப்படி என்றே எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். சந்தனமாரி சொல்லச் சொல்ல எழுதினாள். இந்தத் தடவை நடுநடுவே கேள்வி கேட்டாள். குழந்தையை எங்கே புதைத்தீர்கள்? யார் போனார்கள்? அப்போது யாராவது பார்த்தார்களா?

“அவியதான் தூக்கிட்டுப் போனாவ. டாக்டரம்மா வீட்டுக்குப் பின்னாலதான் பஞ்சாயத்து இடுகாடு. மூணு மணி இருக்கும். அங்கன ஒரு வெட்டியான் உண்டு, நோட்டுல கையெழுத்து வாங்காம விட மாட்டாரு. பேரு வைக்காத புள்ளைக்கு என்ன எழுதன்னு கேட்டாராம். எம்பேரையே எழுதிட்டு வந்ததா அவிய சொன்னாவ.”

இந்த விவரம் அன்றைய பதிவில் இல்லை. அன்று அதைக் கேட்பார் யாரும் இருக்கவில்லை.

டாக்டரம்மா இறந்து பல வருடம் ஆகியிருந்தது. இடுகாட்டு நோட்டு பஞ்சாயத்து அலுவலகப் பரணில் செல்லரித்துக் கிடந்தது. தேதி, நேரம் மூன்று பத்து, ‘சந்தனமாரி குழந்தை’, கீழே ஐகோர்ட்துரையின் கோணல் கையெழுத்து. அதைப் படிக்க யாரிடமும் சாவி கேட்க வேண்டியிருக்கவில்லை.

*

அந்த நோட்டையும் சந்தனமாரியின் நேரடிச் சாட்சியத்தையும் வைத்து, பதினான்கு மாதம் கழித்து உயர்நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அனுபவித்து முடித்த தண்டனை. ஐகோர்ட்துரையும் சந்தனமாரியும் ஒரே பெஞ்சில், நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி ஐகோர்ட்துரையைக் கேட்டார். அவர் எழுந்து நின்று, இல்லை என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். வெளியே வந்ததும் சந்தனமாரி பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். அவர் பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தார்.

சுகிர்தாவால் உடனே கிளம்ப முடியவில்லை. அன்றைக்குத் தீர்ப்பு என்ற செய்தி முந்தின நாளே வெளியாகிவிட்டது. தாழ்வாரத்தில் நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் ஒரு வழக்கு எண். தூத்துக்குடிப் பக்கமிருந்து, கோவில்பட்டிப் பக்கமிருந்து, விடியும் முன்பே பஸ் ஏறி வந்தவர்கள்.

முன்னால் நின்ற பெரியம்மா காகிதத்தை நீட்டினாள். “எங்க தம்பி கேஸும் அந்த வருஷந்தாம்மா. அவனும் கம்ப்யூட்டர்லதான் பேசினான். உள்ளயே போய்ச் சேந்துட்டான். அவன் என்ன சொன்னான்னு திறந்து பாத்துச் சொல்லுதீயளா?”

“அந்தக் கோப்பு இப்ப இல்லீங்கம்மா. அழிச்சுட்டாங்க.”

பெரியம்மா காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை.

சுகிர்தா நோட்டைப் பிரித்தாள். “சாட்சி சொன்னவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?”

“ஒருத்தரு இருந்தாரும்மா” என்றாள் பெரியம்மா. “போன மாசந்தான் தவறிப் போனாரு.”

சுகிர்தா அவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்தவரைப் பார்த்தாள்.